யாகுல்ட்: வயிற்றுக்கு எவ்வளவு, மனதுக்கு எவ்வளவு?

சூப்பர் மார்க்கெட் ஃபிரிட்ஜில், தயிர் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில், ஐந்தைந்தாகச் சேர்த்துச் சுற்றி வைத்திருக்கும் சின்னப் பாட்டில்தான் யாகுல்ட் என்ற புளித்த பால் பானம். 65 மில்லிதான், இரண்டு மடக்கில் தீர்ந்துவிடும். இனிப்பு தூக்கலாக, பின்னால் லேசான புளிப்பு. குழந்தைகள் அடம்பிடிக்காமல் குடிப்பார்கள். தினம் ஒன்று என்று வைத்தால் மாதம் ஐந்நூறு ரூபாய்ச் சொச்சம் ஆகும். அந்தக் காசுக்கு வயிற்றுக்கு என்ன கிடைக்கிறது? குடல் சரியானால் மனசும் சரியாகும் என்று இப்போது எங்கே பார்த்தாலும் சொல்கிறார்களே, அதற்கும் இந்தப் பாட்டில் உதவுமா?

உள்ளே இருப்பது தண்ணீர், சர்க்கரை, கொழுப்பு நீக்கிய பால் பவுடர், குளுக்கோஸ், வாசனைப் பொருள், அதோடு ஒரே ஒரு வகை பாக்டீரியா. 1930இல் ஜப்பானின் கியோட்டோவில் ஆராய்ச்சியாளர் மினோரு ஷிரோட்டா வளர்த்தெடுத்த வகை. 1935இல் பானமாக விற்பனைக்கு வந்தது. நெடுங்காலம் லாக்டோபேசிலஸ் கேசி என்று சொல்லிவந்தார்கள். 2020இல் வகைப்பாட்டை மாற்றியதால் இப்போது லாக்டிகேசிபேசிலஸ் பாராகேசி. கிருமி அதேதான், பதற வேண்டாம். அந்த வெளிர்பழுப்பு நிறத்தைப் பார்த்துச் சாயம் சேர்த்திருக்கிறார்களோ என்று பலரும் சந்தேகப்படுகிறார்கள். சாயமில்லை. பாலும் குளுக்கோஸும் சேர்ந்து சூடேறும்போது வரும் நிறம். பால்கோவா கிண்டும்போது நிறம் மாறுகிறதே, அதே வினைதான்.

இதன் பெரிய பலம், எந்த வகைக் கிருமி, எத்தனை என்பதை லேபிளிலேயே சொல்லிவிடுவது. ஒரு பாட்டிலில் 650 கோடி. புரோபயாடிக், அதாவது உடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமி கொண்டது என்று சொல்லி விற்க, ஒரு நாளைக்கான அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள கிருமி வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. அதைப்போல் 65 மடங்கு இதில் இருக்கிறது. வகைப் பெயரும் எண்ணிக்கையும் போடாமல் 'புரோபயாடிக்' என்று மட்டும் அச்சடித்த எதையும் வாங்காதீர்கள். ஒரு வகைக் கிருமிக்கு நிரூபணமான பலன் இன்னொரு வகைக்குத் தானாக வந்துவிடாது.

ஆதாரமும் இருக்கிறது, அளவோடு. கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 3,758 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. பன்னிரண்டு வாரம் தினமும் ஒரு தரப்புக்கு இந்தப் பானம், மறு தரப்புக்குக் கிருமி இல்லாத சத்துப் பானம். இருபத்துநான்கு வாரக் கண்காணிப்பில் வயிற்றுப்போக்கு 14 சதவீதம் குறைந்தது. சுத்தமான தண்ணீருக்கே வழியில்லாத இடத்தில் 14 சதவீதம் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கும் வீட்டிலும் அதே கணக்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020இல் கையிலிருந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, பெரும்பாலான குடல் நோய்களுக்குப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

இனி மனசு விஷயம். மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனத்தைப் பற்றி விளம்பரங்களுக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு: 'உடலின் செரட்டோனினில் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது.' உண்மைதான். ஆனால் அந்தச் செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை; தனக்கு வேண்டியதை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. குடலில் இருப்பது குடல் அசைவைப் பார்த்துக்கொள்ளும். குடலும் மூளையும் பேசிக்கொள்வது இரண்டையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சமிக்ஞைகள் வழியாக, நார்ச்சத்தைக் கிருமிகள் நொதிக்கவைக்கும்போது உண்டாகும் சிறு கொழுப்பு அமிலங்கள் வழியாக. இது இருவழிப் பாதை. அடிக்கடி வயிற்றுவலி, உப்புசம், மலம் கழிப்பதில் மாற்றம் என்று படுத்தும் எரிச்சல் குடல் நோய் (ஐ.பி.எஸ்.) உள்ளவர்களுக்குப் பதற்றம் கூடுவதும், பதற்றக்காரர்களுக்கு வயிறு கலங்குவதும் அதனால்தான்.

ஷிரோட்டா வகையை வைத்து மன அழுத்த ஆய்வும் நடந்திருக்கிறது. ஜப்பானின் தொகுஷிமா பல்கலைக்கழகத்தில் தேர்வுக்கு முந்தைய எட்டு வாரம் மருத்துவ மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மன அழுத்தத்தின்போது கூடும் கார்ட்டிசால் ஹார்மோனின் ஏற்றமும் வயிற்று உபாதையும் குறைந்தன. இங்கேதான் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் கொடுத்தது 100 மில்லியில் 10,000 கோடி கிருமி. நம் ஊர்ப் பாட்டிலில் இருப்பது 650 கோடி. ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு. அந்தப் பெரிய அளவை 'யாகுல்ட் 1000' என்ற பெயரில் ஜப்பானில் தனியாக விற்கிறார்கள். மன அழுத்தம், தூக்கம் பற்றிய வாசகம் அதன் லேபிளில்தான் இருக்கிறது. 2022இல் அங்கே தட்டுப்பாடே வந்தது. ஆகவே 'மூட் சரியாகும்' என்று நம்பி இங்கே கிடைக்கும் பாட்டிலை வாங்குவது வீண். பதினைந்து பாட்டில் குடித்து ஈடுகட்டலாம் என்று நினைத்தால், சர்க்கரை மட்டுமே முப்பது டீஸ்பூனைத் தொடும்.

சர்க்கரைதான் இதன் பெரிய குறை. ஒரு பாட்டிலில் ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன். சர்க்கரை நோயாளிகள் இனிப்பு குறைத்த 'லைட்' வகையையே எடுக்க வேண்டும், அதையும் அன்றைய கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டாவது குறை, இதில் நார்ச்சத்து இல்லை. வந்து சேரும் கிருமி குடலில் குடியேறுவதில்லை; குடிப்பதை நிறுத்தினால் கொஞ்ச நாளில் வெளியேறிவிடும். ஏற்கெனவே குடலில் இருக்கும் கிருமிகளுக்குச் சாப்பாடு போடுவது சுண்டல், கீரை, வாழைத்தண்டு, ஆறிய சோறு இவைதான். மனசுக்கும் பாட்டிலை விடத் தட்டுதான் முந்துகிறது. ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வுள்ள 67 பேரிடம் நடந்த ஸ்மைல்ஸ் ஆய்வில் (2017) காய்கறி, பயறு, முழு தானியம், ஆலிவ் எண்ணெய் மிகுந்த உணவுக்கு மாறியவர்களில் 32 சதவீதத்தினர் பன்னிரண்டு வாரத்தில் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்த தரப்பில் 8 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனால் சிகிச்சையோடு சேர்த்துச் செய்ய யாரையும் கேட்க வேண்டாத மாற்றம்.

மாதம் ஐந்நூறு அதிகம் என்றால் வீட்டுத் தயிரும் மோரும் போதும். கிருமி எத்தனை, எந்த வகை என்ற உத்தரவாதம் மட்டும் கிடையாது. இட்லி மாவு புளித்தாலும் ஆவியில் வெந்ததும் கிருமி செத்துவிடும், மோர்க்குழம்பிலும் அதே கதை. பழைய சோற்று நீரில் உயிரோடு இருக்கும்.

வாங்கும்போது 10 டிகிரிக்குக் கீழே வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க ராத்திரி ஃபிரிட்ஜை அணைக்கும் கடையில் வாங்காதீர்கள். சூடானால் கிருமி மேலும் அமிலம் சுரக்கும், புளிப்பு ஏறும், அந்தப் புளிப்பிலேயே எண்ணிக்கை சரியும். ஃபாயில் மூடி உப்பியிருந்தால் வேண்டாம். அடியில் கொஞ்சம் படிந்திருப்பது சகஜம், குலுக்கினால் போதும். ஃபிரீசரில் வைக்காதீர்கள், சூடான பாலில் கலக்காதீர்கள். ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடவேண்டும். கீமோதெரபியில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கும் அதே விதிதான்.

முதல் சில நாள் வாயு கூடலாம், பெரும்பாலும் தானே அடங்கும். எரிச்சல் குடல் நோய்க்காகக் குடிப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் பார்க்கட்டும் என்கிறது பிரிட்டனின் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல். அந்த நான்கு வாரத்தில் புதிதாக வேறு எதையும் ஆரம்பிக்காதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும். மலத்தின் பதத்தைப் பிரிஸ்டல் அட்டவணைப்படி ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டுக் குறித்துவாருங்கள். மூன்றும் நான்கும் நல்ல பதம். நான்கு வாரம் கழித்தும் எண் நகரவில்லை, உப்புசமும் குறையவில்லை என்றால் நிறுத்திவிடலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, இதில் ஒன்று இருந்தாலும் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம், நேராகக் குடல் மருத்துவரிடம் போங்கள்.