பழைய சிஎன்சி லேத்தில் ஆறு வருடம்: மரை படுத்திய பாடு

இந்த சிஎன்சி லேத் (கணினி ஓட்டும் கடைசல் இயந்திரம்) என் கைக்கு வரும்போதே அதற்கு இருபது வயது இருக்கும். ஆறு வருடமாக ஓட்டுகிறேன். டர்னிங் (வெளிப்புறம் கடைதல்), ஃபேஸிங் (முகத்தைச் சமன் செய்தல்), போரிங் (துளையைப் பெரிதாக்குதல்) எதிலும் குறை சொல்ல முடியாது. சூடேறிய பிறகு 0.01 மி.மீ.க்குள் சைஸ் நிற்கும். வாங்கும்முன் இந்த மூன்றைத்தான் ஓட்டிப் பார்த்தேன், மரை (போல்ட்டில் இருக்கும் திருகு வரி, திரெட்) போட்டுப் பார்க்கவில்லை. அதனால் பழைய மெஷின் பார்க்கப் போகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது, ஒரு திரெட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள் என்பதுதான். டர்னிங்கில் ஸ்பிண்டில் (வேலைத்துண்டைச் சுழற்றும் தண்டு) கொஞ்சம் முன்னே பின்னே சுற்றினாலும் சைஸ் வந்துவிடும். மரையில் ஸ்பிண்டிலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்லைடு (வெட்டும் பிட்டைச் சுமந்து நகரும் பகுதி) கணக்காக நகர வேண்டும். எங்கே தளர்வு இருந்தாலும் அதில் தெரிந்துவிடும்.

முதல் கோளாறு எம்20 × 1.5 ஜாபில் (20 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி, அதாவது பிட்ச்) வந்தது. ஒரே ஓட்டத்தில் போட்டால் மரை சுத்தமாக இருக்கும். ஸ்பிண்டிலை நிறுத்தி, ரிங் கேஜ் (மரையின் அளவு பார்க்கும் வளையம்) போட்டுப் பார்த்து, கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே என்று 0.03 ஆழம் கூட்டி அதே புரோகிராமை மறுபடி ஓட்டினால் போச்சு. பிட் பழைய பள்ளத்தில் இறங்காமல் பக்கச் சுவரைச் சீவிவிடும். கேஜ் லொடலொடவென்று ஆடும். ஜாபைக் கழற்றவில்லை, அதைப் பிடிக்கும் சக்கைத் தொடவில்லை, ஆஃப்செட்டில் (பிட்டின் இடத் திருத்தம்) இசட், அதாவது நீளவாட்டுப் பக்கம் போகவே இல்லை. பிறகு எப்படி இடம் மாறும்?

புரோகிராமைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். மரை போடும் ஜி76 சைக்கிளை ஒரே வரியில் எழுதும் கண்ட்ரோலும் (மெஷினை ஓட்டும் கணினி) உண்டு, இரண்டு வரி கேட்கும் கண்ட்ரோலும் உண்டு. என்னுடையது இரண்டு வரி கேட்கும். இரண்டாம் வரியின் பி (மரை ஆழம்), க்யூ (முதல் கட்) மதிப்புகளில் புள்ளி வைக்கக்கூடாது, மைக்ரானில் கொடுக்க வேண்டும். 1.5 பிட்ச்சுக்கு ஆழம் 0.613 மடங்கு, அதாவது 0.92 மி.மீ., ஆகவே பி920. எல்லாம் சரியாக இருந்தது. வேகமும் ஜி97-இல்தான், அதாவது மாறாத ஆர்பிஎம்மில். பிட் சென்டர் உயரமும் சரி. பாராமீட்டரை (கண்ட்ரோலின் உள் அமைப்பு எண்களை) மாற்றிப் பார்க்கலாமே என்று ஒருவர் சொன்னார். காரணம் தெரியாமல் பாராமீட்டரில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

வழி காட்டியது ஒரு கீறல் சோதனை. ஒரு ரவுண்டு பாரைச் சுத்தமாகக் கடைந்து, மேலே மார்க்கர் மை பூசினேன். பிட்டை 0.02 மட்டும் இறக்கி ஜி32-இல் (ஒரே ஒரு மரை ஓட்டம்) ஒரு கோடு. ஸ்பிண்டிலை நிறுத்தாமல் அதையே ஐந்து முறை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரே கோடு, தலைமுடி போல. மறுபடி மை பூசி, இந்த முறை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் ஸ்பிண்டிலை நிறுத்தி எழுப்பினேன். கறுப்பு மையின் மேல் மூன்று வெள்ளிக் கோடுகள், பக்கத்துப் பக்கத்தில். முதலுக்கும் கடைசிக்கும் நடுவே 0.1 மி.மீ. அளவு. 1.5 பிட்ச்சில் 0.1 விலகினால் எங்கோ 24 பாகை நழுவியிருக்கிறது என்று அர்த்தம். புரோகிராம் அப்படி நழுவாது.

ஸ்பிண்டிலோடு பல் பெல்ட்டில் சேர்ந்து சுற்றும் கோடர் (சுற்றை அளக்கும் சென்சார்) ஒரு சுற்றுக்கு 1024 பல்ஸ் தருகிறது, அதோடு சுற்றுக்கு ஒரே ஒரு மார்க்கர் பல்ஸ். ஒவ்வொரு கட்டுக்கும் கண்ட்ரோல் அந்த மார்க்கருக்காகக் காத்திருந்துதான் ஸ்லைடைக் கிளப்பும். எத்தனை கட் எடுத்தாலும் பிட் அதே பள்ளத்தில் இறங்குவது அதனால்தான். கவரைத் திறந்து, கோடர் புல்லியைக் கையால் பிடித்து லேசாக முறுக்கினேன். ஷாஃப்ட் அசையவில்லை, புல்லி மட்டும் திரும்பியது. புல்லியை ஷாஃப்ட்டில் பிடிக்கும் கிரப் ஸ்குரூ தளர்ந்து, ஷாஃப்ட்டில் மோதிரம் போல ஒரு பளபளப்பான தேய்மானம். ஸ்பிண்டில் கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் மட்டும் நழுவியிருக்கிறது. சீராகச் சுற்றும்போது ஒழுங்காக இருந்திருக்கிறது. ஷாஃப்ட்டைத் துடைத்து, ஸ்குரூ உட்காரச் சின்னதாக ஒரு தட்டைப் பரப்பு போட்டு, லாக்கிங் பசை விட்டு இறுக்கினேன். பெல்ட்டையும் மாற்றினேன். அன்றிலிருந்து அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு வருடம் கழித்து வேறு மாதிரி. மரை வரி வந்ததும் மெஷின் அப்படியே நின்றுவிடும். ஸ்பிண்டில் சுற்றுகிறது, கூலண்ட் ஓடுகிறது, அலாரம் எதுவும் இல்லை, பிட் மட்டும் நகராது. திரையில் ஆர்பிஎம் சரியாகவே காட்டியது. ஜி99-இல் (சுற்றுக்கு இவ்வளவு என்று பிட் நகரும் முறை) சாதாரண டர்னிங்கும் ஓடியது. சுற்றைக் கணக்கிடும் பல்ஸ் வருகிறது, மார்க்கர் மட்டும் வரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். கோடர் கனெக்டரைக் கழற்றினால், கூலண்ட் கசிந்து ஒரு பின்னில் பச்சைக் களிம்பு. சுத்தம் செய்து, உலர்த்தி, கேபிள் நுழையும் இடத்தைக் கீழ்நோக்கித் திருப்பிக் கட்டினேன்.

கோளாறே இல்லாமலும் மரை கெடும். 1000 ஆர்பிஎம்மில் 1.5 பிட்ச் என்றால் ஸ்லைடு நிமிடத்துக்கு 1500 மி.மீ. ஓட வேண்டும். ஸ்லைடை ஓட்டும் சர்வோ மோட்டார் எப்போதும் கட்டளைக்குக் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். என் மெஷினில் பொசிஷன் கெயின் (சர்வோ கட்டளையை எவ்வளவு விரைவாகப் பின்தொடரும் என்பது) வினாடிக்கு 30, அந்த வேகத்தில் பின்தங்கல் 0.83 மி.மீ. ஜாபின் முகத்துக்கு 2 மி.மீ. முன்னால் கிளப்பியபோது முதல் இரண்டு மரையின் பிட்ச் குறைந்து கேஜ் அங்கே பிடித்தது. 6 மி.மீ. கொடுத்ததும் சரியாகிவிட்டது. ரஃபிங்குக்கு ஒரு வேகம், ஃபினிஷுக்கு ஒரு வேகம் வைத்தாலும் கெடுவதற்கு இதே பின்தங்கல்தான் காரணம். 500-க்குக் குறைத்தால் அது பாதியாகி, பிட் 0.4 மி.மீ. தள்ளி இறங்கும்.

பேக்லாஷ்தான் (திசை மாறும்போது ஸ்குரூவில் வரும் வெற்று ஆட்டம்) காரணம் என்று பலர் சொல்வார்கள். என் இசட்டில் டயலில் 0.03 இருக்கிறது. மரையில் ஸ்லைடு ஒவ்வொரு முறையும் ஒரே திசையில்தான் வருகிறது, ஆகவே அது பிட்ச்சைத் தொடுவதில்லை. ஸ்லைடைத் தள்ளும் பால் ஸ்குரூவின் திரஸ்ட் பேரிங் ஆடினால் மட்டும் விஷயம் வேறு, கட்டின் விசைக்கு ஸ்லைடே முன்னும் பின்னும் போகும்.

கண்ட்ரோல் பக்கம் கவலை குறைவு. மதிய நேரத்தில் சர்வோ அலாரம் வந்து வந்து போனது. பேனல் ஃபேன் நின்றிருந்தது, ஃபில்டர் எண்ணெய்த் தூசியில் அடைத்திருந்தது. மாற்றியதும் நின்றது. மெமரி பேட்டரியில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. மெஷின் ஆனில் இருக்கும்போதுதான் மாற்ற வேண்டும். ஆஃப் செய்து கழற்றினால் பாராமீட்டர் மொத்தமும் போய்விடும், மெஷின் வெறும் இரும்பு. வாங்கிய முதல் வாரமே சீரியல் கேபிளில் எல்லாவற்றையும் இறக்கி, ஒரு அச்சுப் பிரதியைப் பேனல் கதவுக்கு உள்ளே வைத்திருக்கிறேன்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. நீளமான மரையில் டெயில் ஸ்டாக் (ஜாபின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) பக்கம் 0.02 டேப்பர் (விட்ட வேறுபாடு) வருகிறது. டெயில் ஸ்டாக்கின் அடித்தளம் தேய்ந்திருக்கிறது, ஷிம் (மெல்லிய தகடு) வைத்து ஓரளவு குறைத்திருக்கிறேன். 60 மி.மீ.க்கு மேல் நீளமுள்ள டைட் ஃபிட் மரையை இதில் போடுவதில்லை. மற்றதெல்லாம் இதில்தான். மை பூசிய அந்தப் பாரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சக்கில் பிடித்து, நிறுத்தி நிறுத்தி ஐந்து கோடு போட்டுப் பார்க்கிறேன். போன முறையும் ஒரே கோடுதான்.