குறட்டைக்கு லேசர்: குன்னூரிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

வாயின் மேற்கூரையில் பின்பக்கமுள்ள மெத்தென்ற பகுதியான மென் அண்ணத்தை வெட்டாமல், லேசரின் வெப்பத்தால் மட்டும் இறுகச் செய்யும் குறட்டைச் சிகிச்சையைக் கோயம்புத்தூரில் எடுத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இச்சிகிச்சையைப் பற்றிக் கிடைக்கும் பாராட்டுகளில் பெரும்பாலானவை முதல் சில மாதங்களுக்குள் சொல்லப்பட்டவை. அதற்குப் பின் என்ன ஆகிறது என்பதே எனக்குத் தேவைப்பட்ட செய்தியாக இருந்ததால், இரண்டு குளிர்காலம் கழியட்டும் என்று காத்திருந்து எழுதுகிறேன்.

முதலில் சிகிச்சையின் தன்மையைச் சொல்லிவிடுகிறேன். 1990ஆம் ஆண்டு வாக்கில் பாரிஸ் மருத்துவர் காமாமி அறிமுகப்படுத்திய பழைய முறையில், கரியமில வாயு லேசரைக் கொண்டு உள்நாக்கையும் மென் அண்ணத்தின் விளிம்பையும் வெட்டிச் சுருக்குவார்கள். எச்சில் விழுங்கக்கூட அஞ்ச வைக்கும் வலி அதில் உண்டு. நான் எடுத்துக்கொண்டது அதுவன்று. 2940 நானோமீட்டர் அலைநீளமுள்ள எர்பியம் யாக் லேசரின் ஒளியை நீர் மிக வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். அதை நீண்ட துடிப்புகளாகச் செலுத்தும்போது சளிச்சவ்வு கிழியாமல் சூடாகிறது, அடியிலுள்ள கொலாஜன் என்னும் புரத நார்கள் சுருங்குகின்றன, அடுத்தடுத்த வாரங்களில் புதிய கொலாஜனும் உருவாகிறது. தொளதொளவென்று தொங்கி மூச்சுக்காற்றில் படபடக்கும் அண்ணம் சற்றே விறைப்பாகிறது என்பதுதான் இதன் மொத்த உத்தி.

இதிலிருந்தே இதன் எல்லையும் விளங்கும். மூக்குத்தண்டு வளைந்திருப்பதாலோ, மல்லாந்து படுக்கையில் நாக்கின் அடிப்பகுதி பின்னுக்குச் சரிவதாலோ குறட்டை வருமானால், அண்ணத்தை எத்தனை முறை சூடேற்றினாலும் பயனில்லை. அதைவிட முக்கியமானது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா. என்னைப் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர், தூக்கத்தில் மூச்சு எப்படிப் போகிறது என்று பதிவுசெய்து பார்க்கும் ஸ்லீப் ஸ்டடியின் முடிவு வரும்வரை லேசர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மணிக்கு ஐந்து முறைக்குக் கீழ் மூச்சுத் தடைபட்டால் இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 30 அல்லது அதற்கு மேல் கடுமையானது என்பது கணக்கு. எனக்கு ஐந்துக்குக் கீழே வந்தது. அதன் பிறகே தேதி கொடுத்தார். இந்தப் பரிசோதனையைக் கேட்காமலேயே முன்பணம் வாங்கும் இடம் எதுவானாலும், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவது நல்லது.

சில வார இடைவெளிகளில் மூன்று அமர்வுகள். மயக்க மருந்தில்லை, ஊசியில்லை. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவித்து, நாற்காலியில் சாய்த்து, நாக்கைத் தட்டையான பட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, லேசர் முனையை அண்ணத்தின் மீது வரிசை வரிசையாக நகர்த்தினார்கள். சுடுதேநீரை அவசரமாக விழுங்கியதுபோன்ற காந்தல் அவ்வப்போது தோன்றும், அது பொறுக்கக்கூடியதே. பொறுக்க முடியாமற்போனது ஓங்கரிப்புத்தான். உள்நாக்கின் அருகே முனை வந்த ஒவ்வொரு முறையும் குமட்டியது. கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள், மூக்கால் நிதானமாக மூச்சிழுத்த பிறகு தொடர்வார்கள். இருபது நிமிடச் சிகிச்சையில் கணிசமான நேரம் இதிலேயே போனது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம். முடிந்ததும் கண்ணாடியில் காட்டினார்கள்: அண்ணம் வளைவு முழுவதும் சிவந்திருந்தது, புண் எதுவுமில்லை. அன்று மாலையே பர்லியாறு வழியாகப் பேருந்தில் மலையேறி, இரவு இட்லியும் சாப்பிட்டேன். தொண்டை வறட்சி மட்டும் சில நாள் இருந்தது.

பலனை அளந்தவர் என் மனைவி. தூங்குகிறவனின் சாட்சியம் இதில் செல்லாது. முதல் அமர்வுக்குப் பின் பெரிய மாற்றமில்லை என்றார். இரண்டாவதற்குப் பின், "என்னங்க, நேத்து ராத்திரி எழுந்து வந்து மூச்சு இருக்கான்னு பார்த்தேன்," என்றார். மூன்றாவது முடிந்த பிறகு, அடுத்த அறைக்குப் போயிருந்த அவருடைய கம்பளி எங்கள் அறைக்குத் திரும்பியது. குறட்டை அடியோடு ஒழிந்துவிடவில்லை. மூடிய கதவைத் தாண்டாத அளவுக்குத் தணிந்தது. செல்பேசிச் செயலியில் பதிவான ஒலியும் ஏறக்குறைய அதையே காட்டியது.

அந்த நிலை முதலாண்டின் பெரும்பகுதி நீடித்தது. பிறகு மெல்ல மெல்லச் சத்தம் ஏறத் தொடங்கியது. இது எதிர்பாராததன்று, ஓராண்டு அளவில் பராமரிப்பு அமர்வு தேவைப்படலாமென்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் மலைவாசிகள் ஒன்றைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மார்கழிப் பனியில் சன்னலை இறுக மூடி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு படுத்தால் மூக்கடைத்து வாய்வழியே மூச்சுவிட நேர்கிறது. அந்த நாள்களில் லேசர் செய்த அண்ணமும் பாடத்தான் செய்கிறது. படுக்குமுன் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும், ஒருக்களித்துப் படுப்பதும் அப்போது லேசரைவிட அதிகம் உதவின. உள்நோயாளியாகச் சேராததால் காப்பீடும் கைகொடுக்கவில்லை.

என் அனுபவத்தைக் கேட்டு உதகையிலிருக்கும் மைத்துனரும் லேசருக்குப் புறப்பட்டார். அவருக்கு ஆப்னியா கடுமையாக இருப்பது பரிசோதனையில் தெரிந்ததால், மருத்துவர் லேசரை மறுத்து, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதை அடைபடாமல் வைத்திருக்கும் சிபாப் கருவியை எழுதிக்கொடுத்தார். முகமூடியோடு படுப்பது மைத்துனருக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் பகலில் கார் ஓட்டும்போது கண் சொக்குவது நின்றுவிட்டது. அவருக்கு அண்ணத்தை மட்டும் இறுக்கிச் சத்தத்தைக் குறைத்திருந்தால், மூச்சு நிற்பது யார் காதிலும் விழாமல் தொடர்ந்திருக்கும்.

பராமரிப்பு அமர்வை நான் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஆண்டுகளில் எடையும் சற்றுக் கூடியிருப்பதால், பழைய முடிவை நம்பாமல் மீண்டும் ஒரு ஸ்லீப் ஸ்டடி செய்துகொண்டு, அது ஐந்துக்குக் கீழேயே இருந்தால் தை மாதத்துக்குப் பிறகு கீழே இறங்குவதாக இருக்கிறேன்.