60 ஆயிரத்துக்குள் கேமிங் பிசி: எஸ்.பி. ரோட்டில் எதற்கு எது போட்டி

பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான் என்றால் எஸ்.பி. ரோடுதான். அங்கே போய் 60 ஆயிரத்துக்குள் கேமிங் பிசி வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலான கடைகளில் முதலில் ப்ராசஸர் பெயரைத்தான் சொல்வார்கள். "ஐ7 போட்டுடலாம் சார், ஃபுல் ஆர்ஜிபி கேபினெட், 16 ஜிபி ரேம்" என்று வேகமாக எஸ்டிமேட் எழுதுவார்கள். விளையாட்டின் படத்தைத் திரைக்கு வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு கடைசி வரியில் வரும், மிச்சம் இருக்கும் காசுக்கு எது கிடைக்கிறதோ அது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. முதலில் கார்டு, அதைத் தாங்கும் பவர் சப்ளை, அப்புறம்தான் ப்ராசஸர். மானிட்டரை நான் கணக்கில் சேர்க்கவில்லை, கேபினெட்டுக்குள் போகிற சாமான் மட்டும்தான் இங்கே பேச்சு.

முதலில் அந்த ஐ7 விஷயத்தை முடித்துவிடுவோம். குறைந்த விலையில் ஐ7 (இன்டெல்லின் மேல்வரிசைச் சிப்) என்று சொன்னால் அது எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். ஆபீஸ்களில் இருந்து கழித்த மெஷின்களில் வந்த ஐ7-3770 போன்ற சிப்கள் இன்னமும் புதுக் கேபினெட்டில் உட்கார்ந்து விற்பனைக்கு வருகின்றன. அது 2012ல் வந்த சிப், நான்கு கோர் (சிப்புக்குள் இருக்கும் மூளைகள்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). 2022ல் வந்த ஐ3-12100எஃப்பிலும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான், ஆனால் ஒவ்வொரு கோரும் வெகு வேகமாக வேலை செய்யும். வேகத்தை விட்டுவிட்டால்கூட இன்னொரு சிக்கல் உண்டு. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப்களை, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ல் வாலரண்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமை ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கட்டாயம். வாலரண்டுக்காகவே பிசி வாங்குகிற பையனுக்கு இந்தப் பழைய ஐ7ஐத் தலையில் கட்டுவது ரொம்ப அநியாயம்.

சரி, உண்மையான போட்டிக்கு வருவோம். இந்த பட்ஜெட்டில் ப்ராசஸர் இரண்டுதான்: ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெல்லின் ஐ5-12400எஃப். இரண்டும் 2022ல் வந்தவை, இரண்டுமே ஆறு கோர், 12 த்ரெட், இரண்டிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. நடுத்தரக் கார்டோடு 1080பியில் (ஃபுல் எச்டி திரையில்) ஆடும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மதர்போர்டு விலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 5600ஐ பி550 போர்டில் போட்டால் பிசிஐஇ 4.0 (கார்டும் எஸ்எஸ்டியும் ப்ராசஸரோடு பேசும் பாதையின் வேகமான தலைமுறை) கிடைக்கும். இன்டெல் பக்கம் மலிவான எச்610 போர்டில் கார்டுக்கு 4.0 உண்டு, ஆனால் ரேம் ஸ்லாட் இரண்டுதான், எஸ்எஸ்டி ஸ்லாட்டும் 3.0 வேகத்தில்தான் ஓடும், விளையாட அது போதும். என் கை 5600 பக்கம்தான் போகும், ஏனென்றால் பி550 போர்டில் நான்கு ரேம் ஸ்லாட்டோடு வாங்கிவைத்தால் பின்னால் எட்டு கோர் 5700எக்ஸ் வரை அதே போர்டில் மாற்றிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைக் கவனியுங்கள். 5600, 5600ஜி, 5500 மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் 5600ல் எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, மற்ற இரண்டிலும் 16 எம்பி, அவை இரண்டும் பிசிஐஇ 3.0ஓடு நின்றுவிடும். 5600ஜியில் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, அதற்காக மட்டும்தான் அதை வாங்கலாம். இப்போதைக்குக் கார்டு வாங்கக் காசில்லை, வாலரண்டும் சிஎஸ்2வும் (கவுண்டர்-ஸ்ட்ரைக் 2) குறைந்த செட்டிங்கில் ஓடினால் போதும், அடுத்த போனஸில் கார்டு வாங்கிக்கொள்கிறேன் என்பவருக்கு அது நல்ல வழி. கார்டு சேர்த்தே வாங்குகிறவருக்கு வேண்டாம்.

இனி கார்டு. காசு அதிகம் போக வேண்டிய இடமும் இதுதான், ஏமாற இடம் அதிகம் இருப்பதும் இங்கேதான். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் 8 ஜிபி மெமரி, இரண்டிலும் மெமரி பாதை 128 பிட், ஒன்று 132 வாட், இன்னொன்று 130 வாட். விளையாட்டில் மட்டும் 6600 சராசரியாகக் கால் பங்கு வேகம் கூடுதலாகத் தரும். இதெல்லாம் தெரிந்தும் கடையில் 3050ஐத்தான் முன்னால் நகர்த்துவார்கள், ஏனென்றால் ஆர்டிஎக்ஸ் என்ற பெயரைக் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ரே ட்ரேசிங் (ஒளியை நிஜம்போலக் காட்டும் முறை) இந்த விலையில் இரண்டு கார்டிலுமே ஆடுகிற அளவுக்கு ஓடாது, அதைக் காரணமாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். என்விடியா பக்கம் நியாயமான காரணங்களும் உண்டு: சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் டிஎல்எஸ்எஸ்ஸில் படத்தின் தரம் 1080பியில் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆரை விட நன்றாக இருக்கும், ஸ்ட்ரீமிங் செய்கிறவருக்கு என்விடியா என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் பகுதி) நல்லது, பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை பார்க்கிறவருக்கு கூடா (கார்டை மற்ற கணக்குகளுக்கும் பயன்படுத்தும் என்விடியா வசதி) உதவும். இவற்றில் ஏதாவது உங்கள் வேலை என்றால் 3050 எடுங்கள், அதைவிட 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கைக்கு எட்டினால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். வெறும் விளையாட்டு மட்டும் என்றால் 6600தான்.

3050 என்ற பெயரிலேயே இரண்டு கார்டு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி 3050ல் கோர்கள் 2560லிருந்து 2304ஆகக் குறைந்தன, மெமரி பாதை 128 பிட்டிலிருந்து 96 பிட் ஆனது. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3050 என்பதுதான், 6 ஜிபி என்பது ஓரத்தில் இருக்கும். அது 70 வாட் கார்டு, பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிளே தேவையில்லை. ஆகவே பழைய ஆபீஸ் மெஷினில் செருக அருமையான கார்டு அது. புதிதாக மெஷின் கட்டுகிறவருக்குத் தேவையில்லை.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை விட்டுவிடுங்கள். 4 ஜிபி, அதிலும் பிசிஐஇ பாதையில் நான்கே லேன், 3.0 போர்டில் போட்டால் மூச்சுத் திணறும். இன்டெல் ஆர்க் பி580 காகிதத்தில் 12 ஜிபியோடு கவர்ச்சியாக இருக்கிறது, நல்ல கார்டும்கூட, ஆனால் ரீசைசபிள் பார் (ப்ராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரேயடியாக அணுகவிடும் வசதி) இல்லாமல் அதைத் தொடவே கூடாது. அந்த வசதி இருந்தாலும் 5600 போன்ற ப்ராசஸரோடு சேரும்போது சில கேம்களில் வேகம் கணிசமாகக் குறைவது சோதனைகளில் தெரியவந்தது. நம் பட்ஜெட் ப்ராசஸருக்கு அது பொருத்தமான ஜோடி இல்லை.

பழைய கார்டு வாங்கலாமா? வாங்கலாம், கையில் வைத்துப் பார்த்து வாங்கினால். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கை (கார்டுகளை ஓட்டி நாணயம் சம்பாதிப்பதை) விட்டதும் மூட்டை மூட்டையாகக் கார்டுகள் சந்தைக்கு வந்தன. அதில் ஆர்எக்ஸ் 580 இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடையிலேயே ஒரு மெஷினில் மாட்டச் சொல்லி கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து ஷேடர் (கார்டுக்குள் இருக்கும் கோர்கள்) எண்ணிக்கையைப் பாருங்கள். 2304 என்று இருந்தால் அசல் 580. 2048 என்று இருந்தால் அது அதே பெயரில் வந்த குறைந்த ரகம், விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும். அப்புறம் கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க்கைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள். ஓட்டிக்காட்ட மறுக்கும் இடத்தில் வாங்கவே வாங்காதீர்கள்.

ரேமில் பெரிய விவாதம் இல்லை. டிடிஆர்4, 3200 வேகம், எட்டு எட்டு ஜிபியாக இரண்டு குச்சி. ஒரே 16 ஜிபி குச்சி போட்டால் ரேமுக்குப் போகும் பாதை (சேனல்) ஒன்றாகி எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்கள்) விழும். டிடிஆர்5க்காக ஏஎம்டியின் புதிய ஏஎம்5 போர்டுக்குப் போவது நீண்டகாலத்துக்கு நல்ல யோசனைதான், ஆனால் 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு இந்த பட்ஜெட்டில் போர்டும் ரேமும் சேர்ந்து கார்டின் காசைத் தின்றுவிடும். எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ (பிசிஐஇ வழியாக ஓடும் வேகமான ரகம்) போதும், முடிந்தால் 1 டிபி.

பவர் சப்ளையில் மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். கேபினெட்டோடு இலவசமாக வருகிற "500 வாட்" பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்ப் என்று போட்டிருந்தால் கார்டுக்கும் ப்ராசஸருக்கும் கிடைப்பது 12ஐ 18ஆல் பெருக்கினால் வரும் 216 வாட்தான். 6600 மட்டும் 132 வாட் கேட்கும், அதோடு ப்ராசஸரும் சேர்ந்தால் அந்தப் பெட்டி உச்சியில் நிற்கும். இதற்கு எதிராக, நல்ல பிராண்டின் 550 வாட் பெட்டி ஒன்றில் அந்தக் கட்டத்தில் 40 ஆம்பை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். 80 பிளஸ் ப்ரான்ஸ் என்ற முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதை மட்டுமே சொல்லும், உள்ளே பாதுகாப்பு எப்படி என்பதைச் சொல்லாது, எனவே முத்திரையோடு வாரண்டி எத்தனை வருடம் என்றும் கேளுங்கள். ஏப்ரல், மே மாத மழைக்கு நம் ஊரில் கரண்ட் போய்ப் போய் வரும், ஹலசூர் ஆனாலும் ஒயிட்ஃபீல்டு ஆனாலும் அதே கதைதான், ஆகவே சின்ன யுபிஎஸ் ஒன்றுக்கும் காசு ஒதுக்குங்கள்.

வாங்கும் இடம்: ஆன்லைன் விலையைக் கையில் வைத்துக்கொண்டு எஸ்.பி. ரோட்டுக்குப் போங்கள். தனிச் சாமானில் பெரிதாகக் குறைக்க மாட்டார்கள், ப்ராசஸர், போர்டு, ரேம் மூன்றையும் சேர்த்துக் கேட்டால் இறங்கி வருவார்கள். பில் வேண்டாமென்றால் இன்னும் குறையும் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு, ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரும் எழுதிய பில்லாக வாங்குங்கள், கார்டின் பெட்டியில் இந்திய இறக்குமதியாளரின் ஸ்டிக்கர் இருக்கிறதா என்றும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.