கருந்துளசியா, பச்சைத் துளசியா: வீவக காரிடாருக்கு எது தோது?

கருந்துளசியும் பச்சைத் துளசியும் தாவரவியல் கணக்கில் ஒரே இனம். ஓசிமம் டெனுயிஃபுளோரம் என்ற பெயருக்குள் இரண்டும் அடங்கும். புதினாவின் குடும்பம்தான், இளந்தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் நாலு பட்டை தட்டுப்படும். கிருஷ்ண துளசி, ராம துளசி என்று சொல்வதும் இந்த இரண்டைத்தான். நாங்கள் இருப்பது சிங்கப்பூரில், வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில். வாசலுக்கு வெளியே இருக்கும் பொது நடைபாதைதான் காரிடார். அங்கே இப்போது இருப்பது பச்சைத் துளசி. கருந்துளசியையும் வளர்த்துப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. அதனால் இந்த அலசல் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும்.

நிறத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கருந்துளசிக்குத் தண்டும் நரம்பும் பூங்கதிரும் ஊதா ஓடியிருக்கும், இலை கொஞ்சம் சிறிது. பச்சைக்கு இலை அகலம், கதிர் வெளுப்பு. மணத்தில்தான் வித்தியாசம் தெரியும். கருந்துளசியைக் கசக்கினால் கிராம்பும் மிளகும் சேர்ந்த வாடை, மென்றால் நாக்கில் சுருக்கென்று ஒரு காரம். பச்சையில் அந்தக் காரம் அடங்கி, லேசான இனிப்பு முன்னால் வரும். தீர்த்தத்துக்கும் வெறும் வயிற்றில் மெல்வதற்கும் எனக்குப் பச்சைதான் பிடிக்கும். இஞ்சி, மிளகு, பனங்கற்கண்டு போட்டுக் கஷாயம் வைக்கக் கருந்துளசிக்கு ஈடு இல்லை. இதில் மறுபேச்சு இல்லாமல் கருந்துளசிக்கே மார்க் போடுகிறேன்.

ஆனால் ‘கறுப்புக்குத்தான் மருந்துச் சத்து’ என்று தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும் இடத்தில்கூட அடித்துப் பேசுகிறார்களே, அதை அப்படியே ஏற்க முடியவில்லை. துளசியின் கிராம்பு வாசனைக்குக் காரணம் யூஜெனால். பல் வலிக்குத் தடவும் கிராம்பு எண்ணெயில் இருக்கும் அதே பொருள். அது எவ்வளவு இருக்கும் என்பது செடிக்குச் செடி, மண்ணுக்கு மண், பறிக்கும் பருவத்துக்கு ஏற்றபடி மாறும். நிறத்தை வைத்து அளவு சொல்லிவிட முடியாது. தொண்டை கட்டியபோது இரண்டு வகையிலும் கஷாயம் குடித்திருக்கிறேன், இரண்டிலும் இதமாக இருந்தது. இதம் தந்தது துளசியா, இஞ்சியா, வெறும் வெந்நீரா என்று கேட்டால் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கவனம்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தினமும் டம்ளர் டம்ளராகக் குடிக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. தீர்த்தத்தில் மிதக்கும் நாலு இலைக்கு இதெல்லாம் வேண்டாம்.

சரி, முடிவைத் தீர்மானித்தது வாசனையும் இல்லை, மருந்தும் இல்லை. வெளிச்சம்.

ஊரில் துளசி மாடம் முற்றத்தில் இருக்கும். தலைக்கு மேல் வானம், நாலு பக்கமும் வெயில். அங்கே எந்தத் துளசியும் வளரும். வீவக காரிடாரில் தலைக்கு மேல் அடுத்த மாடியின் தளம். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், எதிர்ப்பக்கம் கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒரு திறப்பு. அந்த ஒரு திறப்பின் வழியாக வருவதுதான் செடிக்குச் சாப்பாடு. திறப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரியாமல் துளசி வாங்குவதில் அர்த்தமே இல்லை.

சிங்கப்பூரில் வருஷம் முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம், சில நிமிடங்கள்தான் கூடக்குறைய. அதனால் வெயிலும் வருஷம் முழுவதும் ஒரே மாதிரி விழும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வெயிலின் அளவு பெரிதாக மாறாது, அது வரும் பக்கம் மாறும். நாம் நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 1.3 டிகிரி வடக்கே இருக்கிறோம். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் பின்பாதியிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நடுவில் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை வடக்கே சாய்ந்திருக்கும். அக்டோபரில் இருந்து பிப்ரவரி வரை தெற்கே போய்விடும். மேற்கு வெயில் வீட்டுக்குள் அடிக்கக் கூடாது என்று வடக்கும் தெற்கும் பார்க்கக் கட்டிய புளோக்குகள் இங்கே நிறைய. எங்களுடையதும் அப்படித்தான், காரிடார் வடக்குப் பார்த்தது.

ஜூன் மாதத்தில் எங்கள் காரிடாரில் காலையிலும் சாயங்காலமும் சாய்ந்த வெயில் நன்றாக உள்ளே வரும். அப்போது கருந்துளசியைப் பார்க்க வேண்டும், ஊதா மினுங்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கேட்பார்கள். அக்டோபர் தாண்டியதும் சூரியன் புளோக்குக்குப் பின்னால் போய்விடும், நேர் வெயில் நின்றுவிடும். அதோடு வடகிழக்குப் பருவமழை வேறு. நவம்பர், டிசம்பர், ஜனவரிதான் இங்கே அதிகம் மழை பெய்யும் மாதங்கள், வானம் மூடியே கிடக்கும். வெயிலும் இல்லை, வானத்து வெளிச்சமும் பாதி.

அந்த நேரத்தில்தான் வீட்டில் துளசி அதிகம் வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தொடங்குகிற தேவை மார்கழியில் உச்சத்துக்குப் போகும். டிசம்பர் நடுவில் இருந்து ஜனவரி நடு வரை தினமும் பெருமாள் படத்துக்கு ஒரு கொத்து. வைகுண்ட ஏகாதசி அன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போகும்போது கையில் கொண்டுபோக இன்னும் கொஞ்சம். மழையில் சளி பிடித்த பிள்ளைகளுக்குக் கஷாயம் தனி. செடி சோர்ந்து கிடக்கும் மாதமும் நாம் அதிகம் கிள்ளும் மாதமும் ஒன்றாக வந்து விழுகின்றன.

இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. இலைக்கு ஊதா தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. வெயில் பலமாக இருந்தால் அது கூடும், நிழலில் குறையும். டிசம்பரில் எங்கள் கருந்துளசியின் புதுத் தளிர் பச்சையாகவே வரும். அப்போதுதான் வாங்கியவராக இருந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போயிருப்பார். நிறம் போனால்கூடப் பரவாயில்லை. கிள்ளிய இடத்தில் திரும்பத் துளிர்க்க அது எடுக்கும் நேரம்தான் பிரச்சினை. கணுவுக்குக் கணு தண்டு நீண்டு, இலை சிறுத்து, ஒரு கொத்து பறித்தால் அடுத்த கொத்துக்கு ஏங்க வைத்துவிடும். பச்சைத் துளசியும் அந்த மாதங்களில் கொஞ்சம் ஒல்லியாகத்தான் ஆகும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் நுனியைக் கிள்ளினால் கீழ்க் கணுவில் இரண்டு பக்கமும் துளிர் விடும். வேகம் குறையும், நிற்காது. மார்கழி முழுக்கக் கடையில் துளசி வாங்காமல் ஓட்டியது பச்சை வந்த பிறகுதான்.

செடி விளக்கு வாங்கி வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வீட்டுக்குள் ஜன்னலோரம் முடியலாம், நான் அந்தப் பக்கம் போகவில்லை. கதவிடுக்கு வழியாக காரிடாருக்கு ஒயர் இழுப்பது நினைக்கவே கூடாத வேலை.

திசை மாறினால் என் தீர்ப்பும் மாறும். தெற்குப் பார்த்த காரிடார் என்றால் கணக்கு தலைகீழ். மழைக்கு நடுவே கிடைக்கும் டிசம்பர் வெயில் உள்ளே வரும், மங்கல் ஜூனில்தான். தாராளமாகக் கருந்துளசி வைக்கலாம். கிழக்குப் பார்த்த பால்கனிக்கு வருஷம் பூராவும் காலை வெயில் உண்டு, அங்கே நானே கருந்துளசிதான் வைப்பேன். மேற்குப் பக்கத்தை ஈசூனில் சித்தப்பா வீட்டில் பார்த்ததோடு சரி. அங்கே கருந்துளசி நன்றாகவே இருந்தது, தொட்டி மண் மட்டும் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடுகிறது. கீழ்மாடிக்காரர்கள் திசையோடு எதிரில் இருக்கும் பல மாடிக் கார்ப்பேட்டையையும் தூங்குமூஞ்சி மரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

மற்ற பராமரிப்பில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அடியில் ஓட்டை உள்ள தொட்டி, மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர். வேர் நனைந்தே இருந்தால் இரண்டும் அழுகும். கதிர் விட்டால் விதை கட்டும் முன் கிள்ளிவிட வேண்டும், விட்டால் தண்டு மரமாகி இலை சிறுத்துப்போகும். துவாதசியிலும் பொழுது சாய்ந்த பிறகும் துளசி பறிக்கக் கூடாது என்பது மாமியார் சட்டம், அதனால் கதிர் கிள்ளுவது எங்கள் வீட்டில் காலை வேலை. கருந்துளசியைப் பூச்சி அண்டாது என்று சொல்வார்கள். எங்கள் காரிடாரில் மாவுப்பூச்சி நிறம் பார்த்து வரவில்லை. நான் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுவேன், மோசமான கிளையை வெட்டிவிடுவேன். சாமிக்கும் வாய்க்கும் போகிற இலை என்பதால் மருந்து அடிப்பதில்லை.

காரிடார் விதிகளும் இரண்டுக்கும் பொது. நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைப்பது கீழே போகிறவர் உயிரோடு விளையாடுவது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தேங்கும் தண்ணீரைத் தேடி ஏடிஸ் கொசு வரும், பின்னாலேயே தேசியச் சுற்றுப்புற அமைப்பின் அதிகாரி வருவார். நான் தட்டே வைப்பதில்லை. இறுகிய மண்ணின் மேல் தண்ணீர் நிற்காமல் அவ்வப்போது கிளறிவிடுகிறேன்.

மூன்றாவதாக ஒன்றைச் சிலர் கேட்பார்கள். தாய்லாந்துக் கடைகளில் கட்டாக விற்கும் கப்ராவ், பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கொத்துக்கோழியோடு வதக்குவது, அதுவும் இதே இனம்தான். குச்சி வைத்தால் வேரும் பிடிக்கும். மாமியாரிடம் தாவரவியலை எல்லாம் விளக்கிப் பார்த்தேன். “அத நீங்க சமையலுக்கே வச்சுக்குங்க தம்பி” என்று சொல்லிவிட்டார். அத்தோடு அந்தக் கட்சி தேர்தலில் இருந்து விலகிக்கொண்டது. ஆளுயரத்துக்கு மேல் புதராகப் போகும் காட்டுத் துளசி தொட்டிக்கு ஆகாது, சமூகத் தோட்டத்தில் இடம் இருப்பவர்கள் பார்க்கலாம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து வளர்க்கலாம் என்று நினைப்பவர்கள் விதையை நம்ப வேண்டாம். தேனீ மகரந்தத்தைக் கலந்துவிட்டால் முளைப்பது இரண்டுங்கெட்டானாக வரும். கதிர் விடாத கிளையில் ஒரு சாண் குச்சி வெட்டி, கீழ் இலைகளை எடுத்துவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் வேர் விடும், தாய்ச்செடியின் குணமும் அப்படியே வரும். வடக்குக் காரிடார்க்காரர்கள் இந்த வேலையை ஆகஸ்டுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. வெளிச்சம் தெற்கே விலகும் முன் தொட்டியில் வேர் பிடித்துவிட வேண்டும். நவம்பரில் வைத்த குச்சி எங்களுக்குப் பெரும்பாலும் தண்ணீரிலேயே கறுத்துப்போனது, அதில் கருந்துளசி, பச்சைத் துளசி என்ற வித்தியாசம் இல்லை.