வெனிஸ்ல ரூம் எங்க போடறது: தீவுக்குள்ளயா, மெஸ்த்ரேலயா?

அம்மாவ கூட்டிக்கிட்டு அக்டோபர்ல வெனிஸ் போயிட்டு வந்தோம். வந்ததுலேர்ந்து மேற்கு மாம்பலத்துல பாக்கறவங்க எல்லாரும் ரூம் எங்க போட்டீங்கன்னுதான் கேக்கறாங்க. மொத ரெண்டு ராத்திரி கரைப்பக்கம் மெஸ்த்ரேல, அடுத்த ரெண்டு தீவுக்குள்ள கன்னரேஜியோவுல தங்கினோம். என் ஓட்டு தீவுக்குத்தான்.

மெஸ்த்ரேல வாடகை கிட்டத்தட்ட பாதி, லிஃப்ட் உண்டு, ஸ்டேஷன் பக்கத்துலயே ஹோட்டல், ட்ரெயின் ஏறினா பத்துப் பன்னெண்டு நிமிஷத்துல தீவுல இருக்கற சாந்தா லூச்சியா ஸ்டேஷன். 2024லேர்ந்து சில நாள்ல பகல் மட்டும் வந்துட்டுப் போறவங்ககிட்ட நுழைவுக் கட்டணம் வாங்கறாங்க, ஆனா மெஸ்த்ரேயும் வெனிஸ் மாநகராட்சிதான்ங்கறதால அங்க ராத்திரி தங்கறவங்களுக்கும் அது கிடையாது.

மொத நாள் காலைல சாந்தா லூச்சியா ஸ்டேஷன விட்டு வெளிய வந்ததும் அப்படியே நின்னுட்டோம். ஆட்டோ ஸ்டாண்டு இருக்க வேண்டிய எடத்துல படகுத்துறை, பஸ் போற மாதிரி படகு போகுது, குப்பை அள்றதும் படகு, ஆம்புலன்ஸும் படகு. அம்மா ரொம்ப நேரம் தண்ணியவே பாத்துட்டு, "நம்ம பக்கிங்காம் கால்வாய்லயும் விறகு, உப்பெல்லாம் படகுலதாண்டி வந்துது, எங்க பாட்டி சொல்லுவாங்க"ன்னாங்க. இப்ப அதுக்குள்ள பறக்கும் ரயில் தூணுதான நிக்குது, எனக்கு மனசே கேக்கல.

சரி, தீவு ஏன்னு சொல்றேன். எல்லாரும் வாடகையத்தான் கணக்குப் போடறாங்க, நான் மதியத்த கணக்குப் போடச் சொல்வேன். தீவுக்குள்ள வண்டியே கிடையாது, நானூறுக்கும் மேல பாலம், முக்காவாசி படி ஏறி இறங்கற பாலம். அம்மாவுக்கு 68 வயசு, ஒரு மணிக்கெல்லாம் முட்டி வீங்கிடும். மெஸ்த்ரேல இருந்தப்போ தீவு நடுவுல இருக்கற ரியால்டோலேர்ந்து படகு புடிச்சு, ஸ்டேஷன் வந்து, ட்ரெயினுக்கு நின்னு, ரூமுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆச்சு, படுத்தவங்கள மறுபடி கெளப்ப மனசு வரல. ரெண்டு சாயங்காலமும் அப்படியே போச்சு. தீவுக்குள்ள மாறினப்புறம் ரியால்டோல ஒன்னாம் நம்பர் படகு ஏறினா சான் மார்க்குவோலா துறை, அங்கேர்ந்து நாலு எட்டு வெச்சா ரூம், கால நீட்டிப் படுத்துட்டு அஞ்சு மணிக்கு அவங்களே "போலாமா"ன்னு கேட்டாங்க.

அந்த சாயங்காலத்துக்காகத்தான் இவ்ளோ சொல்றேன். பகல் கூட்டம் ட்ரெயின் ஏறிப் போனதும் சந்துல தண்ணி கல்லுல மோதற சத்தம் தெளிவா கேக்குது. காலைல ஆறரைக்கு ஜன்னல்லேர்ந்து பாத்தா ஒருத்தர் கைவண்டில காய்கறிப் பெட்டி அடுக்கிப் பாலம் ஏறறாரு. அந்த வண்டிக்கு முன்னாடி தனியா ரெண்டு குட்டிச் சக்கரம் இருக்கு, அத மேல்படில ஊனி, பின்சக்கரத்த தூக்கி, ஒவ்வொரு படியா ஏத்தறாரு, ஒரு தக்காளி கூட உருளல. மெஸ்த்ரேலேர்ந்து பத்து மணிக்கு வந்து எறங்கறவங்களுக்கு இது கண்ணுல படாது.

கடல் தண்ணி ஊருக்குள்ள ஏர்ற நாள் எங்களுக்கு வாய்க்கல, 2020லேர்ந்து அதுக்குத் தடுப்புக் கதவு தூக்கறாங்க, அதனால தரைத்தள ரூம் எப்படின்னு அனுபவத்துல சொல்ல முடியல. கைக்குழந்தையோட தங்கினதும் இல்ல. ஒரே ஒரு ராத்திரிதான், பெட்டி வேற நெறயன்னா மெஸ்த்ரேயே போதும்.

தீவுன்னு முடிவு பண்ணிட்டா, பணம் கட்றதுக்கு முன்னாடி மேப்ல ஸ்டேஷன்லேர்ந்து ரூம் வாசல் வரைக்கும் எத்தன பாலம்னு விரல் வெச்சு எண்ணிடுங்க. மொதல்ல நாங்க பாத்து வெச்ச ரூமுக்கு நாலு பாலம் இருந்துது, அத விட்டுட்டோம். எடுத்த ரூமுக்கு ஒண்ணே ஒண்ணு, கூல்யே பாலம், நாலு மூலையிலயும் ஊசி மாதிரி கல்லு நிக்கும். பெட்டிய நான் தூக்கிட்டேன், அம்மா கைப்பிடிய புடிச்சுக்கிட்டு மெதுவா ஏறி வந்துட்டாங்க.