வெளியூர்ப் பிரதிவாதிக்குச் சம்மன்: தபாலா, அவ்வூர் நீதிமன்றமா?

வழக்கு மதுரையில், பிரதிவாதி புனேயில். நீதிமன்ற எல்லைக்கு வெளியே வசிப்பவருக்குச் சம்மன் சார்வு செய்ய (அதாவது முறைப்படி அவரிடம் சேர்ப்பிக்க) உரிமையியல் நடைமுறைச் சட்டம் பல வழிகளைத் தந்தாலும், வாதி தரப்பு வழக்கறிஞராக நான் எடைபோட்டவை இரண்டுதான். ஒன்று, ஆணை 5 விதி 9-இன்படி ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் (2025-இல் இச்சேவை விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது). மற்றொன்று, விதி 21-இன்படி சம்மனைப் புனே நீதிமன்றத்துக்கே அனுப்பி அங்குள்ள அமீனா (சம்மனை நேரில் கொண்டுசேர்க்கும் நீதிமன்ற ஊழியர்) வழியாகச் சார்வு செய்வது. நான் இரண்டாவதையே கேட்டு மனுப் போட்டேன்.

செலவிலும் வேகத்திலும் தபாலே முந்தும். சரியான முகவரிக்கு முறையாக அனுப்பியிருந்தால், சம்மன் பிறப்பித்த 30 நாட்களுக்குள் அட்டை திரும்பாவிட்டாலும் சார்வானதாகவே அறிவிக்கப்படும்.

ஆனால் சார்வு பற்றிய கேள்வி அந்த வாய்தாவோடு முடிவதில்லை. பிரதிவாதி வராமலேயே ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை ஆகி, நிறைவேற்று மனுவில் ஜப்தி வரும்போதுதான் பலர் ஆணை 9 விதி 13-இன்கீழ், சம்மனே வரவில்லை, தீர்ப்பாணையை ரத்துசெய்ய வேண்டும் என்று மனுவோடு வருவார்கள். சார்வு முறையாக நடக்கவில்லையென்றால் அந்த மனுவுக்கான 30 நாள் காலவரம்பு, தீர்ப்பாணை தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடும். ஆகவே ஆண்டுகள் கழிந்தும் ஆபத்து விலகாது. முன்பொரு வழக்கில் என்னிடம் இருந்தது ஒப்புகை அட்டை ஒன்றே: நீல மையில் ஒரு கிறுக்கல், பெயர் இல்லை, தேதி முத்திரை பாதி அழிந்திருந்தது. அது தன் கையெழுத்தல்ல என்று பிரதிவாதி சொன்னபோது யாருடையது என்று காட்ட எனக்கு வழியில்லை; தீர்ப்பாணை ரத்தானது.

அமீனாவின் அறிக்கை அப்படிப்பட்டதல்ல. எந்த நேரத்தில், எவ்விதமாகச் சார்வு செய்தார், ஆளை அடையாளம் காட்டியவரும் உடனிருந்த சாட்சியும் இருந்தால் அவர்களுடைய பெயர், முகவரி என்ன என்பதையெல்லாம் விதி 18-இன்படி அவர் எழுத வேண்டும். கதவில் ஒட்டிவிட்டு வந்திருந்தால், விதி 19-இன்கீழ் அவரைப் பிரமாணத்தின்பேரில் விசாரிக்கலாம். புனேயில் மராத்தியில் பதிவு எழுதப்பட்டால், பிரிவு 28-இன்படி இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பும் உடன்வர வேண்டும். எங்கள் சம்மன் மூன்று வாய்தா கழித்தே திரும்பியது என்பதை மறைக்கவில்லை. ஆனால் குடியிருப்பின் காவலாளி அடையாளம் காட்டியதும், பிரதிவாதி காலை பத்தேகாலுக்குக் கையெழுத்திட்டு வாங்கியதும் அதன் பின்புறத்தில் தெளிவாக இருந்தன.

விரைவுத் தபால், கூரியர், மின்னஞ்சல் ஆகியவற்றில் ஒன்றின்படி சார்வு செய்ய நீதிமன்றம் உத்தரவிட்டால் விதி 21 பொருந்தாது; விதியின் வாசகப்படி பதிவுத் தபாலுக்கு அந்தத் தடை இல்லை என்பதால், அச்சேவை தனியாக இருந்தவரை பதிவுத் தபால், நீதிமன்ற வழி இரண்டையும் சேர்த்துக் கேட்க முடிந்தது. மின்னஞ்சல் சார்வை நான் கையாண்டதில்லை, எனவே அதை மதிப்பிடவில்லை.

நீதிமன்ற வழியைத் தேர்ந்தவர் சம்மன் சார்வானதா இல்லையா என்று அங்கிருந்து வரும் திருப்ப அறிக்கையைக் கண்காணிக்க வேண்டும். சார்வாகாமல் திரும்பிய நாளிலிருந்து 7 நாட்களுக்குள் புதிய சம்மன் கேட்காவிட்டால், ஆணை 9 விதி 5-இன்கீழ் வழக்கே தள்ளுபடியாகக்கூடும். அதனால் வாய்தா தேதிக்குக் காத்திராமல், வாரம் ஒருமுறை குமாஸ்தாவை அனுப்பிப் பார்த்துவரச் சொல்கிறேன்.