கஞ்சிக்கோட்டில் ஜிட்டர் சோதனை: அளவு சுத்தம், கணக்கைச் சரிபாருங்கள்

வாளையார் தாண்டி, கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்குள் இருக்கும் சின்ன சோதனைக்கூடம். பேஸ் நாய்ஸ் (கிளாக் சிக்னலின் கட்டத்தில் வரும் தள்ளாட்டம்) அளக்க கோயம்புத்தூர்க்காரர்கள் பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. போர்டுக்கு பேட்டரியிலிருந்து சப்ளை கொடுக்கிறார்கள், எஸ்எம்ஏ கனெக்டரை (கேபிளைப் போர்டோடு இணைக்கும் திருகு முனை) குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்குகிறார்கள். இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. ரிப்போர்ட்டின் கடைசியில் வரும் ஜிட்டர் எண்ணைத்தான் (கிளாக் விளிம்பு நேரத்தில் எவ்வளவு தள்ளாடுகிறது என்பதை) அப்படியே நம்பக் கூடாது.

ஸ்பர்களை (நாய்ஸ் வளைவில் ஒரே அதிர்வெண்ணில் ஊசிபோல் நிற்கும் சிக்னல்களை) நீக்கிவிட்டுக் கணக்குப் போடுவது இங்கே வழக்கம். அதனால் எவ்வளவு மாறும்? 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக், அதிலிருந்து 12 கிலோஹெர்ட்ஸ் முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை தள்ளி, நாய்ஸ் தட்டையாக −150 டிபிசி/ஹெர்ட்ஸ் (ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில், கிளாக்கின் பவரோடு ஒப்பிட்ட டெசிபெல்), அதாவது 10⁻¹⁵, என்று வையுங்கள். 10⁻¹⁵-ஐ 2 கோடி ஹெர்ட்ஸால் பெருக்கினால் 2×10⁻⁸. கிளாக் அதிர்வெண்ணின் இரண்டு பக்கமும் சேர்த்து 4×10⁻⁸. அதன் வர்க்கமூலம் 0.0002 ரேடியன்; 2π × 100 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் 0.32 பிகோசெகண்ட். இரட்டிப்பதை மறந்தால் 0.23 வரும், பார்க்க அழகாக இருக்கும், தப்பு. இதே கிளாக்கில் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் 300 கிலோஹெர்ட்ஸில் −70 டிபிசி ஸ்பர் ஒன்றை விட்டால் 2×10⁻⁷ தனியாகக் கூடும். மொத்தம் 0.78 பிகோசெகண்ட். ஒரே ஒரு ஊசி! ஸ்பரோடு சேர்த்த எண்ணையும் கேளுங்கள், மறுக்காமல் தருகிறார்கள். ஸ்பரின் அலகு டிபிசி, டிபிசி/ஹெர்ட்ஸ் அல்ல. அதை நாய்ஸ் வளைவோடு சேர்த்து இன்டக்ரேட் செய்யக் (வளைவின் கீழ்ப் பரப்பைக் கூட்டக்) கூடாது, தனியாகத்தான் கூட்ட வேண்டும்.

இன்னொரு கஞ்சத்தனம், கிராஸ் கோரிலேஷன் (ஒரே சிக்னலை இரண்டு சேனலில் அளந்து, கருவியின் சொந்த நாய்ஸைக் குறைக்கும் முறை) எண்ணிக்கை. 10 முறையோடு நிறுத்தினால் கருவியின் தரைமட்டம், அதாவது அதன் சொந்த நாய்ஸ், 5 டிபி தான் இறங்கும். 100 முறைக்கு 10 டிபி. நல்ல கிரிஸ்டல் ஆஸிலேட்டர் கொண்டுபோனால் 100-க்குக் குறைய விடாதீர்கள். இல்லையென்றால் வளைவில் தெரிவது உங்கள் போர்டா, அவர்கள் பெட்டியா என்று பிரிக்க முடியாது.

ரிப்போர்ட்டை சிமுலேஷனோடு ஒப்பிடுகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். சிமுலேட்டரில் விளிம்பைச் சாம்பிள் செய்யும் ஜிட்டர் முறையில், 50 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள நாய்ஸ் எல்லாம் மடிந்து அதற்குள் வந்துவிடும். அங்கே f₀/2 (கிளாக் அதிர்வெண்ணில் பாதி, இங்கே 50 மெகாஹெர்ட்ஸ்) வரை இன்டக்ரேட் செய்வார்கள். சோதனைக்கூட எண் 20 மெகாஹெர்ட்ஸோடு நின்றது. இரண்டையும் ஒரே எல்லைக்குக் கொண்டுவராமல் 'சிலிக்கான் சிமுலேஷனைவிட நல்லா வந்திருக்கு' என்று குதிப்பதில் பயனில்லை. எல்லையை ரிப்போர்ட்டில் அச்சிடுவதே இல்லை என்பதுதான் இங்கே பெரிய குறை. அளவுப் புள்ளிகள் இருக்கும் சிஎஸ்வி கோப்பு கேட்டு வாங்கிக்கொண்டால் அந்தத் தொல்லை தீரும்.

எல்விடிஎஸ் அவுட்புட் (ஒரு ஜோடிக் கம்பியில் எதிரெதிராக வரும் சிக்னல்) என்றால், அதை ஒற்றை சிக்னலாக மாற்றும் பாலன் (balun) என்ற சின்ன டிரான்ஸ்பார்மரைக் கையோடு கொண்டுபோங்கள், அங்கே இருப்பது ஒன்றே ஒன்று.